தமிழ் வலைத்தளத்திற்கு ஏற்ற அமைப்பு எது?

சிராங்கூன் சாலைக்கு அருகே கூடும் தமிழ்ச் சங்கம் ஒன்றின் செயற்குழுவில் அண்மையில் ஒரு வினா எழுந்தது. சங்கத்திற்குப் பெரியதொரு வலைத்தளம் வேண்டும். பல்லாண்டுகளின் ஆண்டு மலர்கள், கட்டுரைகள், நிழற்படங்கள், சொற்பொழிவின் ஒலிப்பதிவுகள், நிகழ்ச்சி நாள்காட்டி, உறுப்பினர் பதிவு ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறல் வேண்டும்; தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கங்கள் அமைதல் வேண்டும். மூன்று நிறுவனத்தார் வந்து மூன்று வகை அமைப்புகளைப் பரிந்துரைத்தனர். எதனை ஏற்பது? அக்குழுவில் நானும் ஓர் உறுப்பினன். அன்று நடந்த ஆராய்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில், உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பது யாது? பழைய அச்சுக்கூடத்தில் ஒரு பக்கத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமாயின், அச்சுக்கோப்பவர் அப்பக்கத்தையே பிரித்து மீண்டும் கோக்க வேண்டும். தொடக்கக் காலத்து வலைத்தளங்களும் அத்தகையனவே. இன்றைய அமைப்பிலோ கட்டுரையின் சொற்கள் ஓரிடத்தில் சேமிக்கப்பெறும். பக்கத்தின் தோற்றம் வேறோரிடத்தில் வார்ப்புருவாக இருக்கும். வாசகர் கேட்கும்பொழுது இரண்டும் இணைந்து பக்கமாகும். தோற்றத்தை எத்தனை முறை மாற்றினும் சொற்களுக்குக் கேடில்லை. ஆதலின் அமைப்பைத் தேர்வோர் பார்க்க வேண்டியது தோற்றத்தை அன்று. சொற்கள் எவ்வாறு சேமிக்கப்பெறுகின்றன, பின்னொரு நாளில் அவற்றை முழுமையாகத் திரும்பப் பெற இயலுமா என்பதையே.

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. இணையத்தில் தமிழ் ஏறிய வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டென்பதை வாசகர்கள் அறிவர். 1995ஆம் ஆண்டு அக்டோபரில், இந்நாட்டுக் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் வெளியிடப்பெற்றன. அன்றைய அதிபர் ஓங் தெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. அவர் உருவாக்கிய எழுத்துருவுக்குக் ‘கணியன்’ என்று பெயர். 1997இல் தமிழ் இணைய மாநாடும் இங்கேயே கூடிற்று. 1999இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில்தான் ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது.

அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் ‘க’ இருந்த கட்டத்தில் மற்றோர் எழுத்துருவில் ‘ம’ இருக்கும். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கட்டுரை உரோம எழுத்துகளின் குப்பையாகத் தோன்றும். எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் 2001ஆம் ஆண்டுவாக்கில் பழைய மலர்கள் பலவற்றைத் தம் கையாலேயே தட்டச்சு செய்து வைத்தார். பின்னர் அவற்றை ஒரு நிறுவனம் தன் சொந்த அமைப்பில் ஏற்றியது. சில ஆண்டுகளில் அந்நிறுவனம் கடையைக் கட்டிற்று. எங்களுக்கு எஞ்சியவை சில படங்களும், எவராலும் படிக்கவொண்ணாத கோப்புகளுமே. அப்பெரியவரும் இன்று இல்லை. மாற்றி மென்பொருளைக் கொண்டு அக்கோப்புகளை நான் ஒருங்குறிக்குக் கொணர முயன்றபொழுது, ‘கொ’ என்னும் எழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னும், ககரம் இடையும், கால் பின்னுமாகக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். வரிசையை மாற்றிக் கோக்காவிடில் சொல் உருக்குலைந்துவிடும்.

ஒருங்குறி வந்தபின் இத்தொல்லை ஒழிந்ததன்றோ எனின், பெரும்பகுதி ஒழிந்தது, முற்றும் ஒழியவில்லை. அதே ‘கொ’வை ஒருங்குறியிலும் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், மூன்றாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறியின் விதி. ஆனால் அமைப்பு அவற்றை ஒருமைப்படுத்திச் சேமிக்காவிடில், கண்ணுக்கு எதிரே இருக்கும் சொல்லைத் தேடினால் “இல்லை” என்றே விடை வரும்.

தேடலில் இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் ‘சிங்கப்பூர்’ என்று இட்டால் ‘சிங்கப்பூரில்’ என்பதும் ‘சிங்கப்பூருக்கு’ என்பதும் அகப்படமாட்டா. ஒன்றில் ரகரத்தின் மேல் புள்ளி, மற்றவற்றில் உயிர்க்குறி. உருபேற்றுச் சொல் மாறுவது தமிழின் இயல்பு. அவ்வுருபுகளைக் களைந்து அடிச்சொல்லைக் கண்டுகொள்ளும் கருவி தேடுபொறிக்கு வேண்டும். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பில், 2019இல், தமிழுக்கும் அத்தகைய கருவி சேர்க்கப்பட்டது. கருவி இருக்கிறது, ஆனால் வாங்குவோர் கேட்காமல் எந்த நிறுவனத்தாரும் அதனைப் பொருத்தித் தருவதில்லை.

இனி அமைப்புகளைப் பார்ப்போம்.

முதலாமவர் பரிந்துரைத்தது வேர்ட்பிரஸ். 2003இல் பிறந்தது, உலகின் வலைத்தளங்களில் பத்துக்கு நான்கிற்கும் மேற்பட்டவை இதன்மீது இயங்குகின்றன. கற்பது எளிது, ஆள் கிடைப்பதும் எளிது. குறை யாதெனின், இருமொழிப் பக்கங்களை இணைக்கும் வசதி அதன் அடிப்படையில் இல்லை. செருகுநிரல்களை நாட வேண்டும். செருகுநிரல் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் எழுதியது. எழுதியவர் கைவிட்டால் நாமும் கைவிடப்பட்டவர்களே. மற்றொரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரையின் முகவரிப் பெயருக்கு அதில் 200 குறிகளுக்கே இடம் உண்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரிகின்றது. ‘சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்று தலைப்பிட்டுப் பாருங்கள். முகவரி ‘இலக்’ என்ற இடத்தில் அறுந்து நிற்கும்! ஒவ்வொரு கட்டுரைக்கும் குறுகிய முகவரியை நாமே இட்டால் இதனைத் தவிர்க்கலாம்.

இரண்டாமவர் சொன்னது துருப்பல். 2001இல் வெளிவந்தது. மலர், கட்டுரை, நிகழ்ச்சி, ஒலிப்பதிவு என ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கட்டங்கள் வகுக்கலாம். பன்மொழி வசதி 2015இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் அதன் அடிப்படையிலேயே அமைந்துள்ளது. ஆயினும் தேர்ந்த கை வேண்டும், செலவும் கூடும். அதன் 7ஆம் பதிப்புக்குரிய ஆதரவு 2025 சனவரியில் முடிவுற்றபொழுது, அதிலிருந்து மாறுவோர் தளத்தைப் பெரும்பாலும் புதிதாகவே கட்ட வேண்டியதாயிற்று. இச்செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ளாத சங்கம் பின்னர் வருந்தும்.

மூன்றாமவர் தம் சொந்த அமைப்பைக் காட்டினார். பார்வைக்கு மிக அழகு. “நாங்கள் விலக விரும்பினால் எங்கள் கட்டுரைகளை எவ்வடிவில் தருவீர்கள்?” என்று கேட்டோம். “அந்நிலை வராது” என்றார். சிராங்கூன் சாலை நகைக்கடையில் சங்கிலி வாங்கும் நம் தாய்மார்கள் திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்காமல் பணப்பையைத் திறப்பதில்லை. எங்கள் பொருளாளர் அம்மையாரும் அவ்வாறே. அவ்விடையோடு அப்பேச்சு முடிந்தது.

நிறுவனத்தார் சொல்லாத இரண்டையும் நாங்கள் ஆராய்ந்தோம். ஒன்று, விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்க 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ இதன்மீதே வளர்ந்தது. எவர் எதனை எப்பொழுது திருத்தினார் என்பது முழுதும் அதில் நிற்கும். ஆனால் படம், ஒலி முதலியவற்றின் விவரங்களை வகைப்படுத்த வேறு கருவி தேவைப்பட்டது. ‘ஆவணகம்’ என்னும் அவர்களது பல்லூடகத் தளம் ஐலண்டோரா மீது அமைந்தது அதனால் எனலாம். அந்த ஐலண்டோராவும் துருப்பலின் மீது கட்டப்பெற்றதே. மற்றொன்று, நம் நாட்டு அரசாங்கத் தளங்கள் பலவற்றுக்குப் பயன்படும் ஐசோமர் போன்ற நிலைப்பக்க முறை. பக்கங்களை முன்னரே ஆக்கி வைப்பதால் விரைவும் காவலும் மிகுதி. அறிவிப்புத் தளத்திற்கு அதனினும் சிறந்தது காணேன். உறுப்பினர் பதிவும் ஆழ்ந்த தேடலும் வேண்டுவோர்க்கு அது மட்டும் போதாது.

எங்கள் குழு துருப்பலையே தேர்ந்தது. சிறிய சங்கமாக இருந்து, செய்தியும் நிகழ்ச்சியும் மட்டும் வெளியிடுவதாயின் வேர்ட்பிரசே போதும் என்று நானே வாக்களித்திருப்பேன். எங்களிடம் மலர்கள் இருந்தன. ஓர் ஆசிரியரின் பெயரைத் தொட்டால் அவர் எழுதியவை, பேசியவை, அவரது படங்கள் ஆகிய யாவும் ஒருசேர வரவேண்டும் என்னும் ஆசையும் இருந்தது. அதற்குக் கட்டம் கட்டமாகச் சேமிக்கும் அமைப்பே ஏற்றது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை விதித்தோம். அப்பெரியவர் தட்டச்சு செய்த கோப்புகளிலிருந்து, ஒருங்குறிக்கு மாற்றிய பத்துக் கட்டுரைகளை அமைப்பில் ஏற்றுதல் வேண்டும்; பிறகு எந்தக் கணினியிலும் படிக்கத்தக்க எளிய கோப்புகளாக வெளியே எடுத்துத் தருதல் வேண்டும். ஒன்பது பிழையின்றித் திரும்பி வந்தன. பத்தாவதில் அடிக்குறிப்புகள் யாவும் கட்டுரையின் நடுவே கலந்து வந்தன. அதனைத் திருத்திக் காட்ட அவர்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. பொருளாளர் அம்மையார் அதன் பின்னரே காசோலையில் கையொப்பமிட்டார்.