உண்டியல் காசில் ஓர் எவர்சில்வர் டப்பா

நான் பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. மகள் நாலாம் வகுப்பு, மகன் யு.கே.ஜி. எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் மற்ற தாய்மார்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

மகளுக்குத் தேர்த் திருவிழாவில் ஒரு மண் உண்டியல் வாங்கிக் கொடுத்திருந்தேன். தாத்தா, மாமா தரும் பத்து, இருபதை அதில்தான் போடுவாள். ஒரு மாதம் கணவரின் சம்பளம் தள்ளிப்போன நேரம், கேஸும் தீர்ந்துவிட்டது. உண்டியலைக் கவிழ்த்து, கொண்டை ஊசியால் நோண்டி நானூறு ரூபாய் எடுத்துவிட்டேன். 'அப்புறம் போட்டுடலாம்' என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு செலவு. போடவே இல்லை.

இதற்கிடையில் ஒரு நாள், "அம்மா, சாதம் பிளாஸ்டிக் வாடை அடிக்குதும்மா" என்றாள். ஹோட்டல் பார்சல் வந்த டப்பாவைக் கழுவி வைத்து, அதில்தான் ஆவி பறக்கும் சாம்பார் சாதம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குக் காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில். அதில் சூடாகச் சீரகத் தண்ணீர் ஊற்றினேன், பாட்டிலே சுருங்கிப்போனது!

பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அக்காதான் விவரம் சொன்னார். "டப்பா அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும், பாத்திருக்கியா?" என்றார். அன்றுதான் பார்த்தேன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை:

* நம்பர் 1: தண்ணீர், கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள். சூடு ஆகாது. திரும்பத் திரும்ப உபயோகிக்க வேண்டாம்.

* 2, 4: மளிகைச் சாமான் போட்டு வைக்கலாம்.

* 5: ஓரளவு சூடு தாங்கும். பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் சாப்பாட்டுக்கு இதுவே மேல்.

* 3, 6: சாப்பாட்டுக்கு வேண்டாம்.

* 7: 'மற்றவை'. இதில் சில வகையில் பி.பி.ஏ. என்ற ரசாயனம் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் 2011-லேயே குழந்தைகளின் பால் பாட்டிலில் இதைத் தடை செய்துவிட்டார்கள்.

எந்த நம்பராக இருந்தாலும் சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து சாப்பாட்டில் இறங்குவது அதிகமாகும். அதனால் புளியோதரை, எலுமிச்சை சாதத்தைச் சூட்டோடு அடைக்காதீர்கள். கம்பி நாரால் தேய்த்துக் கீறல் விழுந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எவர்சில்வர் டப்பா 350 ரூபாய் என்றதும் தயங்கினேன். "என் உண்டியலை உடைச்சுக்கலாம்மா" என்றாள் மகள். எனக்குத் திக்கென்றது. உடைத்தாள். போட்ட காசையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நோட்டில் 860. தரையில் 460. மூன்று தடவை எண்ணிவிட்டு, "நான் தப்பா எண்ணுறேனாம்மா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! அதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றாள். அந்த வார்த்தை இன்றும் சுடுகிறது.

டப்பா அவள் காசிலேயே வாங்கினோம். என் கடனை நோட்டில் எழுதி, வாரம் ஐம்பதாக எட்டு வாரத்தில் அடைத்தேன். கையில் 510 ரூபாய் சேர்ந்ததும் தபால் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். 250 ரூபாயில் 'செல்வமகள்' கணக்கு தொடங்கினோம். 2015-ல் வந்த திட்டம் இது. பெண் குழந்தைக்குப் பத்து வயது முடிவதற்குள் தொடங்கிவிட வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். மேல்படிப்புக்கு என்றாலும் அவள் பத்தாவது முடித்தோ, பதினெட்டு வயது ஆகியோதான் பாதிப் பணம் வரை எடுக்கலாம். நடுவில் நானே நினைத்தாலும் கை வைக்க முடியாது. அதுதான் எனக்கு நிம்மதி! மகன் பெயரில் மாதம் 100 ரூபாய் ஆர்.டி. போட்டிருக்கிறேன்.

மீதி 260 ரூபாய் புது உண்டியலில். பக்கத்தில் அதே நோட்டு. அவசரத்துக்கு எடுத்தால் நானும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மகள் போட்ட சட்டம்.

தாய்மார்களே, பிள்ளைகளின் உண்டியலில் கை வைக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியே டப்பாவின் அடியையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்!

- ஒரு வாசகி, விருதுநகர்.