சாவி யார் கையில்?

2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் இருந்தார்கள். 22, 23 தேதிகளில் இருவரும் இறந்துபோனார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில் ஒரு சிறு தொழில்நுட்ப விவரத்தையும் குறித்தார். கேமராப் பதிவுக்கு ஒரு டெராபைட் வன்தட்டு இருந்தது. ஆனால் அன்றாடப் பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்தார்கள். 19 முதலான காட்சிகள் இல்லை. பொறி மறந்ததைச் சொல்ல ஒரு பெண் தலைமைக் காவலரின் வாய்மொழி தேவைப்பட்டது.

கணினிக் கருவிகளைப் பற்றிப் பேச வந்தவன் இங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. மென்பொருள் சுதந்திரம் குறித்த சொல்லாடல்களில் ‘நம்ம பொட்டி நம்ம வீட்டுல இருந்தாப் போதும்’ என்றொரு நம்பிக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது. காவல் நிலையத்தின் பெட்டியும் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. ஆவணக் காப்பகத்துக்கான ஐரோப்பியச் சொல்லின் கிரேக்க வேர் ஆட்சியாளரின் இல்லத்தைக் குறிப்பது என்பதைத் தெரிதா தம் ‘ஆவணக் காய்ச்சல்’ நூலில் எடுத்துக்காட்டுகிறார். பதிவு யார் வீட்டில் தங்குகிறது என்பது ஒரு கேள்வி. அதைத் திறக்கவும் அழிக்கவும் யாரால் முடியும் என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கேட்காவிட்டால் ஏமாந்துபோவோம்.

முதல் கேள்வி. ஓர் உண்மையறியும் குழு அறிக்கை எழுதுகிறது, நிரல் தெரிந்த தோழர்கள் கணக்கெடுப்பு விவரங்களைத் தொகுக்கிறார்கள் என்று வையுங்கள். இன்று பெரும்பாலும் இது கூகுளின் பக்கத்திலும் கிட்ஹப்பிலும் நடக்கிறது. ‘கம்பெனிக்காரன் பாத்துக்கிடுவான், நமக்கென்ன வே’ என்று இருந்துவிடலாம்தான். ஆனால் 2014 டிசம்பரில் இந்திய அரசு முடக்கிய 32 தளங்களில் கிட்ஹப்பின் துணுக்குப் பக்கமும் சோர்ஸ்ஃபோர்ஜும் இருந்தன. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டபோது தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தையே துண்டித்தார்கள். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து நயாரா எனர்ஜி என்ற இந்திய எண்ணெய் நிறுவனத்தின் மின்னஞ்சலை மைக்ரோசாப்ட் நிறுத்தியது; டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனபின்தான் அது திரும்பக் கிடைத்தது. பெருமுதலாளிக்கே இந்தக் கதி என்றால் சிறுகுழுக்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்று ஒன்றும் மாயமில்லை. அணைக்காமல் வைத்திருக்க ஒரு கணினி வேண்டும். பழைய மடிக்கணினிகூட ஆகும். அதில் குனு/லினக்ஸைப் போட்டு, மேலே கருவிகளை நிறுவிக்கொள்ளலாம். பலர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எழுத ஈதர்பேட். நிரலையும் அதன் வரலாற்றையும் வைத்துக்கொள்ள ஃபோர்ஜோ. உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க ஜுபிட்டர்ஹப். கனமான வேலையை வழங்கி செய்துவிடும். எழுதுகிறவரிடம் உலாவி இருந்தால் போதும். ஈதர்பேடில் எழுத விலை குறைந்த செல்போனே போதும். எல்லோரும் ஒரே வைஃபை ரவுட்டரில் இணைந்துவிட்டால் வெளி இணையமும் வேண்டாம். 2018 போல் துண்டித்தாலும் அறைக்குள் பத்துப் பேர் தொடர்ந்து எழுதலாம். எழுதியதை வெளியே அனுப்ப முடியாது என்பது வேறு விஷயம்.

இரண்டாம் கேள்விக்கு ஒரு பதிலை, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் நிரலாளர்களுக்காக உருவாக்கிய கிட் என்ற கருவியில் காணலாம். அதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 40 எழுத்து நீளத்தில் ஓர் அடையாளக் குறி உண்டு. முந்தைய மாற்றத்தின் குறியையும் உள்ளே சேர்த்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. நடுவில் ஒரு வரியை மாற்றினால் பின்வரும் குறிகள் அத்தனையும் மாறிப்போகும். அதைவிட முக்கியமானது, படியெடுப்பவர் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் வந்துசேர்கிறது. வழங்கியில் இருப்பதை நிர்வாகி திருத்தலாம், அழிக்கலாம். பத்து வீட்டில் இருக்கும் படிகளை அவரால் தொட முடியாது. ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சாத்தான்குளத்து வன்தட்டில் இடம் இருந்தது. அவர்கள் கைக்கு எட்டாத இரண்டாவது படிதான் இல்லை. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொன்னது. மேற்பார்வைக் குழுக்களையும் அமைக்கச் சொன்னது. ஆனால் பதிவைப் பராமரிக்கும் பொறுப்பு நிலைய அதிகாரிக்கே போயிற்று. காலம் நீண்டது, சாவி அதே வீட்டில்.

நம் குழுக்களும் இதற்கு விலக்கல்ல. விஷயம் தெரிந்த ஒரு பையனிடம் கடவுச்சொல் இருக்கும். அவன் கோபித்துக்கொண்டு போனால் எல்லாம் போச்சு. அவன்தான் நம் புதிய பூசாரி. ஆகவே சாவி குறைந்தது மூவரிடமாவது, அதில் ஒரு பெண்ணிடமாவது இருக்க வேண்டும். படி ஒன்று வாராவாரம் வெளியூருக்குப் போக வேண்டும். படிகள் பெருகுவதிலும் ஆபத்து உண்டு: வாக்குமூலம் தந்தவர் பெயர் பத்து வீட்டில் கிடந்தால் அவர் உயிருக்கு யார் பொறுப்பு? பெயர்களைப் பொது ஆவணத்திலிருந்து பிரித்து, பூட்டிய கோப்பில் வைக்கத்தான் வேண்டும்.

கருவி நம் வீட்டுக்கு வரும்போது அதிகாரமும் கூடவே வந்துவிடுகிறது. அடுத்த கூட்டத்தில் தோழர்கள் இதைக் கேட்டுப் பார்க்கட்டும்: நம் பதிவை நம்மில் ஒருவரே இன்றிரவு அழித்துவிட்டால், நாளைக் காலையில் அதைக் காட்ட எத்தனை வீட்டில் படி இருக்கும்?