கறுப்புத் திரையும் மவுஸும்

கணினியிடம் வேலை வாங்க இரண்டு வழிகள் உண்டு. செய்ய வேண்டியதை எழுத்தில் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துவது ஒன்று. இது கட்டளை வரி. திரையில் தெரியும் படங்களையும் பட்டியல்களையும் மவுஸாலோ விரலாலோ தொட்டு வேலையை முடிப்பது மற்றொன்று; இது வரைகலை இடைமுகம். அன்றாடம் கணினியில் புழங்குவோரில் பெரும்பாலோருக்கு இரண்டாவது வழிதான் தெரியும். கறுப்புத் திரையில் ஓடும் எழுத்து என்றாலே சினிமாவில் வரும் ஹேக்கர்தான் அவர்கள் நினைவுக்கு வருவார். ஆனாலும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அந்தத் திரை இன்றைக்கும் உண்டு. விண்டோஸுக்காக 2006இல் பவர்ஷெல் என்ற புதிய கட்டளைத் திரையையே மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது.

கட்டளை வரி மூத்தது. 1960களில் கணினியோடு பேச டெலிடைப் என்ற கருவி பயன்பட்டது. அதற்குத் திரை கிடையாது. தட்டியதும் கணினி தந்த பதிலும் காகிதச் சுருளில் அச்சாகும். பரவலாக இருந்த டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துகள்தான் அடிக்கும். விசைகளும் அழுத்தக் கடினமானவை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்தது இப்படிப்பட்ட கருவிதான். அதனால் கட்டளைகளைச் சுருக்கிக்கொண்டார்கள். நகலெடுக்க ‘சிபி’, இடம் மாற்ற ‘எம்வி’, பட்டியல் பார்க்க ‘எல்எஸ்’, அழிக்க ‘ஆர்எம்’. வேலை சரியாக முடிந்தால் கணினி ஒன்றுமே சொல்லாது. பிழை நேர்ந்தால்தான் வாய் திறக்கும். டெலிடைப் போய் அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இரண்டெழுத்துக் கட்டளைகளும் அந்த மௌனமும் இன்றைய லினக்ஸ் மடிக்கணினியில் அப்படியே இருக்கின்றன. புதிதாக வருபவரை மிரட்டுவதில் பாதிப் பங்கு இவற்றுக்குத்தான்.

உள்ளே நடப்பது எளிமையானது. தட்டிய வரியை ஷெல் என்ற நிரல் வாங்கி, இடைவெளிகளில் துண்டு போடுகிறது. முதல் சொல்லை இயக்க வேண்டிய நிரலின் பெயராக எடுத்துக்கொள்கிறது. மற்றவற்றை, எந்தக் கோப்பில், எந்த விதத்தில் என்ற விவரமாக அந்த நிரலிடம் கொடுத்துவிடுகிறது. நடுவில் நட்சத்திரக் குறி (*) வந்தால் ‘எதுவாக இருந்தாலும்’ என்று பொருள். கல்யாண ஸ்டூடியோ ஒன்றில் 800 படங்களைச் சிறிதாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகத் திறந்து, அளவை மாற்றி, சேமித்து மூடுவதென்றால் ஒரு நாள் போய்விடும். இமேஜ்மேஜிக் என்ற இலவச நிரலுக்கு ‘இந்தக் கோப்புறையில் ஜேபெக் என்று முடியும் எல்லாவற்றையும் 1600 புள்ளி அகலத்துக்குக் குறை’ என்ற ஒரே வரி போதும். அதைக் கோப்பாகச் சேமித்து வைத்தால் அடுத்த கல்யாணத்துக்கும் அதே வரி உதவும்.

மொத்தமாக அளவு மாற்றும் பொத்தானை வரைகலைச் செயலிகளும் தருகின்றன என்பது உண்மையே. ஆனால் செயலியை எழுதியவருக்கு அந்தத் தேவை முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். கட்டளை வரியில் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே பெல் ஆய்வுக்கூடத்தின் டக்ளஸ் மெக்கில்ராயின் யோசனைப்படி 1973இல் யூனிக்ஸில் ‘பைப்’ வசதி சேர்ந்தது. ஒரு நிரல் தரும் விடையை அடுத்த நிரலுக்கு நேராக ஊட்டிவிட ஒரு செங்குத்துக் கோடு (|) போதும். தொலைபேசி எண் பட்டியலை ஒரு நிரல் வரிசைப்படுத்தும். இரட்டிப்பாக வந்தவற்றை அடுத்தது பொறுக்கும். எத்தனை என்று மூன்றாவது எண்ணும். மூன்றையும் எழுதியவர்களுக்கு இப்படியொரு வேலை மனத்தில் இருந்திருக்க வேண்டியதே இல்லை. கட்டளை வரியின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. வேகத்தைப் பெரிதாகப் பேசுவது அதன் ரசிகர்களின் பழக்கம்.

வரைகலைக்கும் வேர் 1960களிலேயே இருக்கிறது. திரையில் ஒளிப்பேனாவால் வரையும் ஸ்கெட்ச்பேடை 1963இல் ஐவன் சதர்லேண்ட் செய்துகாட்டினார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸைப் பொதுமேடையில் இயக்கினார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகம் 1973இல் ஆல்டோ கணினியை உருவாக்கியது. அதன் வழிவந்த ஸ்டார் 1981இல் கடைக்கு வந்தபோது விலை 16,000 டாலருக்கு மேல். பெரிதாக விற்கவில்லை. 1984இல் ஆப்பிள் மெக்கின்டோஷ் 2,495 டாலருக்கு வந்த பிறகே ஐகானும் மெனுவும் சாதாரண மேசைகளை எட்டின. அந்த முதல் மெக்கின்டோஷின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே கிடையாது. மவுஸைத் தொடாமல் வேலை நடக்கக் கூடாது என்பது ஆப்பிளின் பிடிவாதம். மைக்ரோசாஃப்ட் நயமாகப் போயிற்று. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிடேர் சீட்டாட்டம், பிடித்து இழுத்து விடும் பழக்கத்தை அலுவலகக் கைகளுக்குச் சத்தமில்லாமல் கற்றுக்கொடுத்தது. 1995இல் விண்டோஸ் 95 வந்ததும் போட்டி முடிந்துவிட்டது.

வரைகலை வென்றதற்கு அழகு காரணமல்ல, மனித நினைவாற்றலே காரணம். பார்த்ததை அடையாளம் கண்டுகொள்வது மூளைக்கு எளிது; பார்க்காததை நினைவிலிருந்து எடுப்பது கடினம். மாதம் ஒருமுறை மட்டும் செய்யும் வேலைக்கான கட்டளை மறந்துபோகும். மெனுவைத் திறந்தால் அது கண்முன்னே நிற்கும். அமெரிக்கக் கணினியியலாளர் பென் ஷ்னைடர்மேன் 1983இல் இத்தகைய இடைமுகங்களின் இயல்பைத் தொகுத்தார். பொருள் எப்போதும் கண்ணில் தெரிய வேண்டும், செயலின் விளைவு உடனே தெரிய வேண்டும், தவறினால் பின்வாங்க வழி வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. மூன்றாவதைத்தான் கட்டளை வரி பெரும்பாலும் தருவதில்லை.

ஒரு சிறு எழுத்துப்பிழை போதும். ‘ஆர்எம் *.டிஎம்பி’ என்றால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் அழியும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே கை தவறி ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், ஷெல் அதை இரண்டு துண்டாகப் பார்க்கும். முதல் துண்டின்படி அந்தக் கோப்புறையில் கண்ணில் படும் கோப்புகள் எல்லாம் போய்விடும். பிறகு, ‘.டிஎம்பி என்ற கோப்பைக் காணோம்’ என்று ஒரு புகாரும் வரும். மீட்டெடுக்கக் குப்பைத்தொட்டி கிடையாது.

வரைகலையின் வெற்றி எல்லோருக்கும் வெற்றியாக அமையவில்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் திரையில் இருந்தது வெறும் எழுத்து. பார்வையற்றோருக்கு அதை உரக்கப் படித்துக்காட்டுவது எளிதாக இருந்தது. ஜாஸ் என்ற திரைவாசிப்பான் 1989இலேயே டாஸுக்கு வந்துவிட்டது. அலுவலகங்கள் விண்டோஸுக்கு மாறியபோது படங்களையும் பெயரில்லாப் பொத்தான்களையும் எப்படிப் படிப்பது என்ற சிக்கல் முளைத்தது. ஜாஸின் விண்டோஸ் பதிப்பு 1995இல்தான் வெளிவந்தது. பொத்தானுக்குப் பெயர் எழுத மறந்த செயலிகள் இன்றும் இருக்கின்றன.

தமிழில் படிப்போருக்குக் கணக்கு தலைகீழ். கட்டளைத் திரை ஒரே அளவுக் கட்டங்களால் ஆனது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது ஆங்கிலத்தை வைத்து எடுத்த முடிவு. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் உயிர்க்குறியுமாக இரண்டு குறிகள். பார்வைக்கோ கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். ரகரம் ஒடுங்கியது, ணகரம் அகன்றது. கட்டத்துக்குள் இவை அடங்குவதில்லை. பல கட்டளைத் திரைகளில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறித் தெரியும். கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, காட்சிதான் உடைந்திருக்கும். எழுத்தைப் படமாகவே வரையும் வரைகலைத் திரையில் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. தமிழ் கணினியில் இயல்பாகப் புழங்க அது பெரிய காரணம்.

இரண்டு வழிகளுக்கும் இடையிலான கோடு நினைப்பது போல் அவ்வளவு கனமானதல்ல. செல்பேசியில் *#06# என்று தட்டினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வருகிறது. *99# தட்டி இணையமில்லாமல் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்கள். எக்செல் கட்டத்தில் சமக்குறி போட்டுச் சூத்திரம் எழுதும் கணக்கர் எழுதுவதும் கட்டளைதான். அவரை யாரும் ஹேக்கர் என்பதில்லை. 2022க்குப் பிறகு பரவிய சாட்ஜிபிடி போன்றவையும் தட்டச்சையே திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. ஒரு வேறுபாடு முக்கியம். அதே கோப்பில் அதே கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் ஷெல் அதையேதான் செய்யும். உரையாடும் நிரல் அதே கேள்விக்கு நாளை வேறு பதில் தரலாம்.

ஆக, எப்போதாவது செய்யும் வேலைக்கும் கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் வேலைக்கும் மவுஸ் போதும். படத்தின் நிறத்தைக் கட்டளையால் திருத்துவது வீண் வீம்பு. ஒரே வேலை நூறு முறை திரும்ப வந்தால் கட்டளை வரியில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது நட்டமாகாது. பட்டியல் பார்ப்பது, கோப்புறை மாறுவது என்று அழிவு தராதவற்றிலிருந்து தொடங்கி, தேவையில்லாத நகல்களை வைத்துப் பழகுவது நல்லது.

கட்டளை வரியே வேண்டாம் என்பவருக்கும் ஓர் எச்சரிக்கை அவசியம். அண்மைக் காலமாக ஒரு மோசடி நடக்கிறது. ‘நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபியுங்கள்’ என்று ஒரு போலி இணையப் பக்கம் கேட்கும். விண்டோஸ் விசையோடு ஆர், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் அழுத்தச் சொல்லும். பொத்தான் அழுத்துவதாகத்தான் தோன்றும். உண்மையில், அந்தப் பக்கம் முன்பே நகலெடுத்து வைத்த கட்டளை ஒன்றை நம் கையாலேயே இயக்க வைக்கிறார்கள். அது கடவுச்சொற்களைத் திருடும் நிரலை இறக்கிவிடும். எந்த நேர்மையான இணையதளமும் இப்படிக் கேட்காது. அப்படிக் கேட்டால் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.