முகத்தில் முடியா? முதலில் மாதவிலக்கைக் கவனியுங்கள்



மேலுதட்டிலும் தாடையிலும் நாலு முடி முளைத்துவிட்டால் நம் பெண்பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமல்ல. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டில் முதல் பேச்சே அதுதான். "என்னடி, மீசை மாதிரி இருக்கே" என்று திருவிழாவில் ஒருத்தி வாய்தவறிச் சொன்னால் போதும், அந்தப் பிள்ளை அடுத்த கல்யாண வீட்டுக்கு வரமாட்டாள். பாசார் மாலாமிலோ கைப்பேசியிலோ யாருக்கும் தெரியாமல் ஒரு டப்பா கிரீம் வாங்கிப் பூச ஆரம்பிப்பாள். வினை அங்கேதான் தொடங்குகிறது.

முகம் வெளுக்கும், முடி மறையும் என்று விற்கிற சில கிரீம்களில் பாதரசம் இருந்ததாகவும், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இருந்ததாகவும் நம் சுகாதார அமைச்சு கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு செய்யும் வேலை இன்னும் விநோதம்: முதல் வாரம் முகம் பளபளக்கும், போகப்போகத் தோல் மெலியும், பூசிய இடத்தில் முடி அதிகமாக முளைக்கும்! முடி போகப் பூசியது முடியை வளர்க்கிறது. டப்பாவில் என்-ஓ-டி என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் தொடாதீர்கள்.

மஞ்சளைக் குறை சொல்லவில்லை. பாட்டி காலத்திலிருந்து உரைத்துப் பூசுகிறோம், பூசலாம். ஆனால் வேரோடு இருக்கும் முடியை மஞ்சள் நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கல்லில் தேய்ப்பதுபோல் முகத்தைத் தேய்த்தால் புண்தான் மிச்சம்.

"பிளேடு போட்டா தடிச்சு முளைக்கும்" என்பார்கள். 1928லேயே அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற பெண் ஆராய்ச்சியாளர் மழித்த முடியை அளந்து பார்த்து, அப்படித் தடிப்பதில்லை என்று எழுதிவிட்டார். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சுத்தமான பிளேடு, கொஞ்சம் சவுக்காரம், முடி வளரும் திசையிலேயே இழுப்பது. இதைவிட மலிவான வழி கிடையாது.

நூல் போட்டு எடுப்பதும் நல்லதுதான். ஆனால் நம் கறுத்த தோலுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே காயமோ, எங்கே எரிச்சலோ, அங்கே கறுப்புத் தழும்பு விழும். முடியைவிட அதிக நாள் நிற்கும். நூலோ மெழுகோ போட்ட மறுநாளே பால்மரத்துக்கோ செம்பனைக் காட்டுக்கோ போய் வெயிலில் நின்றால் தழும்பு நிச்சயம். லீவு நாளைப் பார்த்துச் செய்யுங்கள், தலைமுண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக் கொள்ளுங்கள். முடி நீக்கும் கிரீம் என்றால் முதல் நாள் முழங்கையில் தடவிப் பார்த்துவிட்டு, மறுநாள் முகத்துக்குப் போடுங்கள்.

டவுனில் லேசர் செய்கிறார்கள். 1920களில் அமெரிக்காவில் எக்ஸ்ரே கதிர் காட்டி முகமுடியைப் போக்கும் கடைகள் இருந்தன. முடி போனது, வருஷங்கள் கழித்துப் பலருக்குத் தோல் புண்ணாகிப் புற்றுநோயும் வந்தது. லேசர் அப்படிப்பட்டதல்ல, ஆனாலும் எந்த மெஷின், யார் பிடிக்கிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். வெள்ளைத் தோலுக்கான கதிர் நம் தோலைச் சுட்டுவிடும். கறுத்த தோலுக்கு "என்டி யாக்" என்ற வகை பாதுகாப்பானது. அதுவும் ஒரு தடவையில் முடியாது, பல தடவை காசு கட்ட வேண்டும்.

இவ்வளவும் மேலே தெரிகிற முடிக்கு. வேர் உள்ளே இருந்தால்?

மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறதா? முகப்பரு, உடல் பருமன், கழுத்தின் பின்பக்கம் அழுக்குப்போல் கறுப்பு இருக்கிறதா? தேய்த்துக் கழுவினாலும் போகாத அந்தக் கறுப்பு, பிற்காலத்து இனிப்புநீருக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். இதைப் பிசிஓஎஸ் என்பார்கள். ஆண்களுக்கு அதிகமாகச் சுரக்கும் சுரப்புநீர் பெண் உடம்பில் கூடிவிடுகிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஆகவே இது யாருடைய பாவமும் அல்ல, சாபமும் அல்ல. பூஜை போடுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

சில மாதத்துக்குள்ளேயே தாடிபோல் வளர்ந்து, குரலும் தடித்துப்போனால் காத்திருக்கவே கூடாது. உள்ளே கட்டி இருக்கக்கூடும்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கே கடிதம் வாங்கினால் சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையில் பெண்கள் நோய் நிபுணரைப் பார்க்கலாம். தாய்மார்கள் கூடப் போங்கள். பிள்ளை தனியாகப் போனால் வாய் திறக்காது. கடைசியாக எப்போது தீட்டு வந்தது என்று காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

மருந்து கொடுத்தால் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும். முடி மெதுவாகத்தான் அடங்கும். இரண்டு மாதத்தில் "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்துகளில் சில கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தாலோ, பிள்ளைக்கு ஆசைப்பட்டிருந்தாலோ, டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.