வண்டியை ஓரங்கட்டிவிட்டு எழுதுங்கள்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொட்டதும் மலையின் துணையோடுதான் போகிறது. ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊர்கள் மாறிக்கொண்டே இருக்கும். வலப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும் விடாமல் கூடவே வரும். தென்காசி, செங்கோட்டை தாண்டிப் புளியரையில்தான் சாலை மேலேறத் தொடங்கும்; பிறகு ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளம்.

“மனசு சரியில்லை, ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்” என்று இந்தச் சாலையில் பைக்கையோ காரையோ தனியாக எடுப்பவர்கள் உண்டு. போய்வந்த மறுநாள் அதே பாரம் அப்படியே இருப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. பயணத்தோடு ஒரு நோட்டும் பேனாவும் சேர்ந்தால் அந்தப் பாரம் கொஞ்சம் இறங்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் அதற்கு வண்டி நிற்க வேண்டும்.

தனிமை மட்டும் போதுமா?

தன் நினைப்போடு தனியே இருப்பது பலருக்கும் எளிதல்ல. 2014-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டிமோத்தி வில்சனின் குழு ஒரு சோதனை நடத்தியது. ஆட்களை வெற்று அறையில் 15 நிமிடம் தனியே உட்காரவைத்தார்கள். செய்ய வேண்டியது சும்மா யோசிப்பது மட்டுமே. விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தித் தங்களுக்கே லேசான மின்அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள்!

இயற்கைச் சூழல் இதற்கு ஓரளவு உதவுகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 90 நிமிடம் மரம், புல்வெளிக்கு நடுவே நடந்தவர்களுக்கு, கசப்பான நினைப்பையே சுற்றிச் சுற்றி வரும் பழக்கம் சற்றுக் குறைந்திருந்தது. பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கவனியுங்கள்: அவர்கள் நடந்தார்கள், வண்டி ஓட்டவில்லை.

எழுதினால் என்ன நடக்கிறது?

1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தங்களைப் பாதித்த நிகழ்ச்சியை எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உள்ளுக்குள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குப் போனது குறைவாக இருந்தது. நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

1999-இல் ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகளிடம் இதே முறையைச் சோதித்தார்கள். மூன்று நாள், தினம் 20 நிமிடம். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, மனப்பாரத்தை எழுதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோயில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. பொதுவான விஷயங்களை எழுதிய குழுவில் அது நான்கில் ஒருவருக்கே இருந்தது. பின்னாளில் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்மைதான், ஆனால் அளவில் சிறியது என்று தெரிந்தது. எனவே எழுத்து மருந்துக்கு மாற்று அல்ல. இன்ஹேலரையும் மாத்திரையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஓட்டும்போது யோசனை வேண்டாம்

பழகிய, நேரான சாலையில் கை தானாக ஓட்டும், மனம் எங்கோ போய்விடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். பழைய சண்டையொன்றை நினைத்து இரண்டு விநாடி கவனம் சிதறினால், குறுக்கே வரும் ஆட்டுக்குட்டிக்கோ சைக்கிள்காரருக்கோ அந்தத் தூரம் போதும். “எழுதத்தானே கூடாது, செல்போனில் பேசிப் பதிவு செய்கிறேன்” என்பதும் வேண்டாம். கண் சாலையில் இருந்தாலும் கவனம் பேச்சில்தான் இருக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடமாவது இறங்கி நடங்கள். தண்ணீர் குடியுங்கள். மதியம் இரண்டு முதல் நான்கு மணி வரை உடல் இயல்பாகவே சோர்ந்திருக்கும் நேரம். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் ஒரு பிடி பிடித்துவிட்டு, உடனே புளியரை ‘எஸ்’ வளைவில் ஏறுவது தூக்கத்தைக் கூடவே ஏற்றிக்கொண்டு போவதுதான். கண் சொருகினால் பாட்டைச் சத்தமாக வைப்பதும் கண்ணாடியை இறக்குவதும் பயன் தராது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள்.

எங்கே உட்கார்ந்து எழுதலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், பதினோரு நிலைக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால், காலை வேளையில் பிரகாரத்தில் அமர இடமிருக்கும். ஆடிப்பூரத் தேர் நேரத்தில் மட்டும் அது நடக்காது. ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு இருக்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட காடு இது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. ராஜபாளையத்துக்கு மேற்கே, ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும், அதையொட்டி அய்யனார் கோயில் ஆறும் உள்ளன. போகும் வழியெல்லாம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான்.

வனத்துறை அனுமதிக்கும் இடத்தோடு நின்றுகொள்ளுங்கள். அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே மலைமேல் பெய்த மழை ஓடையில் திடீர் வெள்ளமாக இறங்கும். ஆகவே ஆற்றுப் பாறையில் அமர்ந்து எழுதாதீர்கள். சூரியன் மலைக்குப் பின்னால் மறைவதால் இங்கே சீக்கிரமே இருட்டிவிடும். யானை நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் அந்தி சாயும் முன் நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிடுங்கள்.

எதை எழுதுவது?

தமிழில் டைரி புதிதல்ல. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு புகழ்பெற்றது. அவர் பதிந்தது பெரும்பாலும் வணிகமும் அரசியலும் ஊர் நடப்பும். மனநலத்துக்காக எழுதும்போது நடப்போடு நிறுத்தாமல், அது நம்மை என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும். இப்படித் தொடங்கலாம்:

• முதல் ஐந்து நிமிடம்: இப்போது கண்ணில் படுவது, காதில் விழுவது, கழுத்திலும் தோளிலும் உள்ள இறுக்கம்.

• அடுத்த பத்து நிமிடம்: மனதை அரிக்கும் ஒரே ஒரு விஷயம். எழுத்துப் பிழை, அழகு பற்றிய கவலை வேண்டாம். யாரும் படிக்கப் போவதில்லை.

• நினைப்பு ஒரே இடத்தில் சுற்றினால் ‘நான்’ என்பதை விட்டுவிட்டு, உங்கள் பெயரைச் சொல்லி, நண்பருக்கு எழுதுவதுபோல எழுதுங்கள். தன்னையே சற்று விலகி நின்று பார்க்கும் இந்த முறை பதற்றத்தைத் தணிப்பதாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் காட்டியிருக்கிறார்.

• கடைசி வரி: வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய ஒரு சிறிய காரியம்.

எழுதி முடித்தவுடன் மனம் இன்னும் கனப்பது இயல்பு. பலருக்கும் கொஞ்ச நேரத்தில் தெளியும். அதுவரை வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். எழுதும்போதே தாங்க முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு எதையாவது எழுதுங்கள்.

இரவில் லாட்ஜில் தூக்கம் வரவில்லையா? மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் பட்டியலிடுங்கள். 2018-இல் 57 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், அப்படிப் பட்டியலிட்டவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்.

யார் தனியாகப் போகக் கூடாது?

சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள், இரண்டு வாரத்துக்கு மேலாகச் சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றியிருந்தால்கூடத் தனிப்பயணம் வேண்டாம். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. இன்சுலின் போடுபவர்கள் வேளைச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். சர்க்கரை தாழ்ந்தால் சாப்பிட இனிப்பு கையில் இருக்கட்டும். சளி, அலர்ஜி மாத்திரைகளில் சில தூக்கம் தருபவை. அவற்றைப் போட்ட அன்று வண்டி எடுக்காதீர்கள்.

புறப்படும் முன் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 108, நெடுஞ்சாலை உதவி எண் 1033 இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து உங்கள் கதையைத் தொடங்கலாம்.