தச்சு வேலை பழகலாம்

தில்லியில் கீர்த்தி நகர் என்ற பகுதி உள்ளது. அங்கு மேசை, நாற்காலி, கட்டில் விற்கும் கடைகள் ஏராளம்.

இவற்றைச் செய்வது தச்சுத் தொழில். அதைப் பழகுபவர் முதலில் அளக்கக் கற்க வேண்டும். அளவு தவறினால் மரம் வீண். பிறகு ரம்பம், உளி, இழைப்புளி பிடிக்கப் பழக வேண்டும். அடுத்தது மூட்டு. ஒரு கட்டையில் துளை, மற்றதில் நாக்கு. இரண்டும் இறுகப் பொருந்த வேண்டும்.

பழகும் காலத்தில் பணம் கிடைக்குமா? 1961ஆம் ஆண்டு பழகுநர் சட்டப்படி சேர்ந்தால் கிடைக்கும். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. பயிற்சி முடித்துத் தேர்வில் வென்றால் சான்றிதழும் உண்டு. ஆனால், முதலில் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

பழகுபவருக்கு 18 வயது ஆகவில்லையா? பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும். எழுதியதை முழுவதும் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். தச்சரும் அளந்த பிறகுதானே மரத்தை அறுக்கிறார்!