இணைப்பு வினை

இணைப்பு வினை என்பது ஒரு வாக்கியத்தின் எழுவாயை, அதன் தன்மையையோ அடையாளத்தையோ கூறும் பெயருடன் இணைக்கும் வினைச்சொல் ஆகும். இலத்தீன் மொழியில் பிணைப்பு எனப் பொருள்படும் கோப்புலா என்ற சொல்லால் மொழியியலாளர் இதனைக் குறிப்பிடுவர். இவ்வினை ஒரு செயலைக் குறிப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கு அருகில் உள்ள வெலிங்டன் ஒரு படைக் குடியிருப்பு நகரம். பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி 1947 முதல் இங்கு இயங்கி வருவதால், தமிழ், படுகு, மலையாளம் ஆகியவற்றுடன் இந்தியும் ஆங்கிலமும் இங்கு பேசப்படுகின்றன. இவ்வூரைச் சுட்டிக்காட்டும் ஒரே வாக்கியம் நான்கு மொழிகளில் பின்வருமாறு அமையும்.

* ஆங்கிலம்: திஸ் இஸ் வெலிங்டன்
* இந்தி: யஹ் வெலிங்டன் ஹை
* மலையாளம்: இது வெலிங்டன் ஆணு
* தமிழ்: இது வெலிங்டன்

முதல் மூன்றிலும் இணைப்பு வினை உண்டு. தமிழில் அது இல்லை. மலையாளத்தின் 'ஆணு' என்பது 'ஆகு' என்னும் வினையடியிலிருந்து வந்தது. அவ்வினை தமிழிலும் உண்டு. எனினும் தமிழ் அதனை இவ்விடத்தில் கட்டாயமாக்கவில்லை.

தமிழில் அமையும் முறை

வினை இல்லாததால் இவ்வாக்கியம் குறையுடையது ஆகாது. இங்கு 'வெலிங்டன்' என்ற பெயரே பயனிலையாக நிற்கிறது. இதனைத் தமிழ் இலக்கணம் பெயர்ப் பயனிலை என்கிறது. பழந்தமிழில் நல்லேன், நல்லை, நல்லன் என விகுதி சேர்ந்து, எழுவாயின் இடமும் பயனிலையிலேயே வெளிப்பட்டது. இவை காலத்தைக் குறிப்பாகக் காட்டுவதால் குறிப்பு வினைமுற்று எனப்பட்டன.

காலத்தை வெளிப்படையாகக் கூற வேண்டியபோது தமிழிலும் வினை தோன்றுகிறது: 'அவர் ஆசிரியர்', 'அவர் ஆசிரியராக இருந்தார்', 'அவர் ஆசிரியராக இருப்பார்'. எதிர்மறைக்குத் தனிச் சொல் வரும்: 'இது குன்னூர் அன்று'. வரையறைகளில் 'ஆகும்' சேர்ப்பது எழுத்து வழக்கு. இக்கட்டுரையின் முதல் வாக்கியத்திலும் அது உள்ளது. நீக்கினாலும் பொருள் மாறாது.

பிற மொழிகளில்

உருசிய மொழியிலும் அரபு மொழியிலும் நிகழ்காலத்தில் இணைப்பு வினை பொதுவாக வருவதில்லை, இறந்தகாலத்தில் வரும். இசுப்பானியத்தில் இரண்டு இணைப்பு வினைகள் உள்ளன. அடையாளத்தைக் குறிக்க 'செர்', நிலையைக் குறிக்க 'எஸ்தார்' பயன்படுகின்றன.

மொழிபெயர்ப்பில்

ஆங்கிலத்தின் 'இஸ்' என்பதற்கு எங்கும் 'இருக்கிறது' என எழுதுவது பிழைக்கு இடந்தரும். 'அவர் மருத்துவர்' என்பது அவர் யார் என்பதைக் கூறுகிறது. 'அவர் மருத்துவராக இருக்கிறார்' என்பது அவர் தற்போது வகிக்கும் பணியைக் கூறுகிறது. 'இது வெலிங்டனாக இருக்கிறது' என்பதோ இயல்பான தமிழே அன்று. சொல்லுக்குச் சொல் மாற்றும் மொழிபெயர்ப்பு, கணினி செய்தாலும் மனிதர் செய்தாலும், இவ்வேறுபாட்டை இழந்துவிடும். தமிழாக்கம் செய்வோர் முதலில் கேட்க வேண்டியது, அவ்விடத்தில் தமிழுக்கு ஒரு வினை தேவையா என்பதே.